நூறு மடங்குத் தொய்வு

2-2-88, செவ்வாய்

காலையில் நல்ல பனி. நாமக்கல் மலையில் பாதிக்கு மேல் காணோம். கோட்டைச் சுவர் மட்டும் யாரோ தூக்கிப் பிடித்த மாதிரி வானத்தில். சேலம் பஸ்ஸில் முன் சீட்டு. கண்டக்டர் என்னைக் கண்டதும் ஒரு வாத்தியாரை எழுப்பிவிட்டு என்னை உட்கார வைத்தார்.

போன காரியம்: சூரமங்கலம். ஜங்ஷனுக்கு எதிர்ச் சந்து, மாடியில் ஓர் இன்ஜினியர் ஆபீஸ். அக்கா மகள் கோமதி அங்கேதான் வேலை. பி.இ. படித்த பெண். எங்கள் வம்சத்தில் கணக்கு என் பக்கமிருந்து வருவது. நான் எட்டாவதோடு நின்றதற்குக் காரணம், வாத்தியாரிடம் சொல்லித்தர ஒன்றும் மிச்சமில்லை.

ராசிபுரம் தறிக்காரர் அர்த்தநாரி புது விசைத்தறி ஷெட் கட்டுகிறார். கூரை இரும்பு வேலை என் பட்டறைக்கு. லாரி பாடி கட்டுகிற பட்டறைதான், ஆனால் எனக்கு வராத இரும்பு வேலை இல்லை. நாற்பது அடி அகலம், நடுவில் ஒரு தூண் கிடையாது. தூண் இருந்தால் தறிக்கு இடைஞ்சல், பாவு நூல் சுற்றிய உருளையைத் தள்ளிக்கொண்டு போக வழியில்லை. இந்த ஜில்லாவில் இதுதான் முதல். இந்தியாவிலேயே என்று டீக்கடையில் சொன்னேன், ஒருவரும் மறுக்கவில்லை.

வேலை என்னுடையது. கணக்கு கோமதியுடையது. கணக்கைப் போடுவது கம்ப்யூட்டர்.

பார்த்துவிட்டேன். செருப்பு வெளியே. உள்ளே ஏ.சி. குளிர், மேச்சேரி ஆட்டுத் தோலைப் போர்த்திக்கொண்டு உட்காரலாம் போல. டி.வி. மாதிரி ஒரு பெட்டி, அதில் பச்சை எழுத்து. கீழே இன்னொரு பெட்டி, பூனை மாதிரி உறுமல். அப்பளம் போல மெல்லிய கறுப்புத் தட்டு ஒன்றை அதன் வாயில் செருகினாள்.

“உக்காருங்க மாமா. எதையும் தொடாதீங்க.”

“தொட்டா ஷாக் அடிக்குமா சாமி?”

“அடிக்காதுங்க. இன்ஜினியர் என்னைய அடிப்பாரு.”

கூரையைத் தாங்கும் ஜாயிஸ்ட் என்பது என்ன: மேலே ஓர் இரும்பு, கீழே ஓர் இரும்பு, நடுவில் ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகும் கம்பி. வாசல் கோலத்தில் ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்த மாதிரி. இரும்பும் இரும்பும் சேரும் இடத்தை முடிச்சு என்கிறாள். ஒவ்வொரு முடிச்சுக்கும் இரண்டு எண் அடிக்கிறாள். எவ்வளவு தள்ளி, எவ்வளவு உயரம். பிறகு எந்த முடிச்சிலிருந்து எந்த முடிச்சுக்கு இரும்பு. அவ்வளவுதான். ஒரு துளி இரும்பில்லாமல் ஓர் இரும்பு விட்டம் அந்தப் பெட்டிக்குள் எழுந்து நிற்கிறது. பூஜ்யம் எந்த மூலையில் என்பதைக் கூட அவளே வைத்துக்கொள்கிறாள். அவள் வைத்த இடத்திலிருந்து உலகம் ஆரம்பம்.

ஒரு முனை சுவரோடு கட்டியது, மறு முனை உருளட்டும் என்று அடித்தாள். ஏன் உருள வேண்டும் என்று கேட்டேன்.

“சித்திரை வெயில்ல இரும்பு நீளுமல்லங்க மாமா. அதுக்கு எடம் வேணுமல்ல.”

அப்புறம் கேட்டாள். “கூரையில இருந்து என்னென்ன தொங்குமுங்க?”

“சங்கிலிக் கப்பி. பாவு உருளையத் தூக்கறதுக்கு. ஒவ்வொரு ஜாயிஸ்ட்லயும் ஒண்ணு தொங்கும். ஒண்ணொண்ணும் ஒரு டன் தூக்கும்.”

சொன்னதும் அடித்தாள். பச்சையாக ஓர் எண் வந்தது. கீழே அடுத்த வரிக்காக ஒரு கோடு மட்டும் மினுக்கிக்கொண்டு நின்றது. மிஷின் ‘அடேயப்பா’ என்று சொல்லவில்லை. சிரிக்கவில்லை. “போதுங்க மாமா, நிறுத்துங்க” என்று சொல்லவில்லை. என் ஆயுசில் நான் சொன்னதை இப்படி முழுசாக வாங்கிக்கொண்ட ஆள் இதற்கு முன் இல்லை.

வரைபடத்தின் மூலையில் இரண்டு கட்டம். ‘வரைந்தவர்’ கட்டத்தில் கோமதி பெயர், மையில். ‘கணக்கிட்டவர்’ கட்டத்திலும் அவள் பெயர், பென்சிலில். கேட்டேன். ஆபீசில் வருஷக்கணக்காக மற்றவர்கள் கணக்குக்குப் படம்தான் வரைந்தாளாம். கணக்கு அவளே போடுவது இதுதான் முதல். “இன்ஜினியர் ஒத்துக்கிட்டா மையில எழுதிக்குவேனுங்க” என்றாள்.

திரும்பும்போது ஜங்ஷனில் தண்டவாளங்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிரிந்து சேர்ந்து பிரிந்து. எல்லாம் முடிச்சு.


3-2-88, புதன்

பனி. வெயில் ஏற ஒன்பது மணி ஆயிற்று. பட்டறையில் ஒரு லாரியின் பக்கத் தடுப்புக்கு, டாலாவுக்கு, தகடு அடிப்பு. கேஸ் சிலிண்டர் சொல்ல வேண்டும். கட்டிங் தீ பச்சையாகத் தெரிகிறது, நேற்றிலிருந்து எல்லாமே கொஞ்சம் பச்சை.

வீட்டில் சரசுவிடம் கம்ப்யூட்டர் பற்றிச் சொன்னேன். அது என்னைப் பெயர் சொல்லி வணக்கம் போட்டதைச் சொன்னேன்.

சரசு: “நீங்க சொன்னதுல பாதிக்குப் பாதி கழிச்சுட்டுத்தான் நான் கேக்கறது. வணக்கம் போட்டுச்சா, ‘வண’ன்னு மட்டும் சொல்லுச்சா?”

கல்யாணம் ஆனதிலிருந்து இதே வழக்கம். நான் நூறு சொன்னால் அவள் காதுக்குள் ஐம்பது. சில நாள் அதனாலேயே இருநூறு சொல்ல வேண்டி வருகிறது.

வாங்க: வெல்டிங் ராடு, தவிடு, சரசுவுக்கு இருமல் மருந்து.


5-2-88, வெள்ளி

மேகம். உச்சி வெயிலிலும் மப்பு. பட்டறை மத்தியானம் கரண்ட் இல்லாமல் கிடந்தது, கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தேன்.

கனவு. ஜாயிஸ்டுக்குள் நடக்கிறேன். கோடு எல்லாம் பச்சை, கீழே தரை கிடையாது. ஏறி இறங்கி ஏறி இறங்கி. ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு ஸ்டேஷன், பெயர்ப் பலகையில் பெயருக்குப் பதில் இரண்டு எண். எவ்வளவு தள்ளி, எவ்வளவு உயரம். ஒரு ஸ்டேஷனில் யாரோ டீ கொடுத்தார்கள். குடித்தால் எடையில்லை. கடைசி முனையில் சக்கரம், நான் கால் வைத்ததும் மெல்ல உருள்கிறது. மோகனூர்ப் பக்கம் கரும்பு வெட்டிய வாசனை. ஆறு எங்கே என்று பார்ப்பதற்குள் கரண்ட் வந்து கிரைண்டர் கத்திவிட்டது.

எதிர்ப் பக்கத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு போன். கோமதி. அங்கேயும் கரண்ட் போனதாம். அடித்து வைத்திருந்த முடிச்சு எல்லாம் அழிந்து போயிற்றாம். தட்டில் எழுதிக்கொள்வதற்கு முன் போய்விட்டதாம்.

“மறுபடி மொதல்ல இருந்து அடிச்சுட்டனுங்க மாமா. நீங்க சொன்ன லோடு ஞாபகம் இருந்துச்சு. ஒவ்வொண்ணுலயும் ஒரு டன்.”

“ஆமாஞ்சாமி” என்றேன். போனில் குரல் நன்றாக இருந்தது.


8-2-88, திங்கள்

வெயில் திரும்பிவிட்டது. சூ.மங்கலம். அர்த்தநாரியும் வந்தார், வெள்ளை வேட்டி, தோளில் புதுத் துண்டு. கணக்கு முடிந்து படம் வந்திருந்தது. இரண்டு ஓரத்திலும் ஓட்டை போட்ட அகலமான காகிதம், ஒரு புடவை நீளம்.

படத்தைப் பார்த்ததும் அர்த்தநாரி எழுந்து நின்றுவிட்டார். ஜாயிஸ்ட் இரண்டு மரத்துக்கு நடுவில் கட்டிய கயிறு மாதிரி வயிறு தள்ளித் தொங்குகிறது.

“ஏனுங்க அம்மிணி, இதென்ன தூரியாட்டத் தொங்குது? இதுக்கு அடியில என்ற சனம் தறி ஓட்டோணுமா?”

“அவ்வளவு தொங்காதுங்க. நெசமாத் தொங்கறது வெரல் அகலம்தான், படத்துல போட்டாக் கண்ணுக்கே தெரியாது. அதனால நூறு மடங்கு பெருசாக்கிக் காட்டுதுங்க. ஓரத்துல எழுதியிருக்குது பாருங்க.”

நானும் பார்த்தேன். ஓரத்தில் சின்னதாக நூறு என்று இருந்தது. “அப்ப கம்ப்யூட்டரும் கூட்டித்தான் சொல்லுமா கண்ணு?”

“சொல்லுமுங்க மாமா. ஆனா எத்தனை மடங்கு கூட்டுனேன்னு ஓரத்துல சொல்லீரும்.”

அர்த்தநாரி உட்கார்ந்தார், சிரிப்பு வந்துவிட்டது. “உங்க மாமனுக்கும் ஒரு ஓரம் வெச்சுக் குடுத்துருங்க அம்மிணி. ஊருக்கே உபகாரமா இருக்கும்.”

எல்லோரும் சிரித்தோம். நானும். ஆனால் அந்தப் படத்தை விட்டுக் கண் வரவில்லை. உள்ளதைப் பெரிசாக்கினால்தான் கண்ணுக்குத் தெரிகிறது என்று இத்தனை வருஷமாக நான் சொல்லி வந்ததை ஒரு மிஷின் காகிதத்தில் அடித்துக் கொடுக்கிறது.

சிரிப்பு அதற்கு மேல் நிற்கவில்லை. இரும்பு எவ்வளவு என்று கோமதி சொன்னாள். ஒரு ஜாயிஸ்ட்டுக்கு நான் நினைத்து வைத்திருந்ததைப் போல இரண்டு மடங்கு. கீழ் இரும்பு மட்டும் லாரி சேஸிஸ் கனம்.

அர்த்தநாரி துண்டை உதறினார். “இத்தனை இரும்பு தூக்கறதுக்குப் பதிலா நான் எங்கப்பனாட்டமே நடுவுல தூணை நட்டுட்டுப் போறனுங்க.”

இன்ஜினியர் சத்தம் போடுகிறவர் இல்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “மிஷின் வாங்கச் சொன்னது நீதாம்மா. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாரு. குறையலன்னா தூண் வெச்சு நானே படம் போட்டுடறேன். நீ பழையபடி ட்ரேசிங் டேபிளுக்குப் போயிடு.”

“கணக்குல தப்பு இல்லீங்க சார்.”

“எல்லாக் கணக்கும் அப்படித்தான் சொல்லும்.”

அவர்கள் போன பிறகு கோமதி ரப்பரை எடுத்து, ‘கணக்கிட்டவர்’ கட்டத்தில் இருந்த பென்சில் பெயரை அழித்தாள். தூசியை ஊதினாள். என்னிடம் காபி குடிக்கிறீர்களா என்று கேட்டாள்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைக்கவில்லை, நின்றுகொண்டே. மல்லூர் தாண்டும்போதுதான் தோன்றியது. சங்கிலிக் கப்பி நான் அர்த்தநாரியின் பழைய ஷெட்டில் பார்த்தது ஒன்றே ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒன்று என்று வாயில் எப்படி வந்தது. அந்த ரூம் குளிரில், அந்தப் பச்சை வெளிச்சத்தில், அது நன்றாக இருந்தது. அவ்வளவுதான்.


9-2-88, செவ்வாய்

வெயில். காலையிலேயே ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய் போன் போட்டேன்.

“கண்ணு, அந்தக் கப்பி சமாச்சாரம். அர்த்தநாரி மனசு மாத்திக்கிட்டாரு. கூரையில ஒண்ணுமே தொங்காது. சும்மா போட்டுக்க.”

கூட்ஸ் வண்டி ஒன்று போய் முடிகிற வரை போனில் வண்டிச் சத்தம் மட்டும்.

“அன்னிக்கு ஒவ்வொண்ணுலயும் ஒரு டன்னுங்கறீங்க. இன்னிக்கு ஒண்ணுமே இல்லீங்கறீங்க. நான் எதைங்க மாமா அடிக்கறது?”

“உனக்கு எது தோதோ அதை.”

“எனக்குத் தோதா அடிச்சா இரும்பு கொறையுமுங்க. கூரை எறங்கி அந்தச் சனத்து மேல உழுந்தா? நீங்க சொல்றது நெசமா பொய்யான்னு மிஷினுக்குத் தெரியாதுங்க மாமா. எது குடுத்தாலும் நம்பீரும். இந்த ஆபீஸ்ல உங்களைத் தெரிஞ்சவ நான் ஒருத்திதான்.”

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம்.

“போய்ப் பாத்துட்டு வாங்க. பழைய ஷெட்ல என்ன தொங்குதோ அதுதான் புதுசுலயும் தொங்கும். எழுதிக் கொண்டாங்க. ஓரத்துல எத்தனை மடங்குன்னும் எழுதிக் கொண்டாங்க.”

மத்தியானம் சாப்பிடவில்லை. (பாதிதான் சாப்பிட்டேன்.)


11-2-88, வியாழன்

நேற்றுப் போக முடியவில்லை, டாலா டெலிவரி. இன்று ராசிபுரம். வழியெல்லாம் மரவள்ளிக் காடு, கொல்லிமலை நீலமாக, தூக்கத்தில் புரண்டு படுத்த மாதிரி.

பழைய ஷெட். உள்ளே போனால் காது இல்லை. நாற்பது தறி (நிஜத்தில் பதினாறு) ஒரே சமயம் அடிக்கிறது. கொஞ்ச நேரத்தில் அது சத்தம் என்பதே மறந்துபோய், தண்ணீருக்குள் இருக்கிற மாதிரி ஆகிவிடுகிறது. எல்லோரும் வாயை அசைக்கிறார்கள். பஞ்சுத் தூசி வெயிலில் மிதக்கிறது. நடுவில் வரிசையாகத் தூண், ஆட்கள் அதைச் சுற்றிச் சுற்றி.

அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். கூரையிலிருந்து தொங்குவது:

சங்கிலிக் கப்பி, ஒன்று. வாசல் பக்கம். துரு. அதன் மேல் குருவிக்கூடு.
குழல் விளக்கு, தறி வரிசைக்கு ஒன்று.
சாப்பாட்டுப் பை, ஆணி இருக்கும் இடமெல்லாம்.
குடை. யாருடையது என்று யாருக்கும் தெரியாது.
மஞ்சள் பையில் ஒரு டிரான்சிஸ்டர். கிட்டே போய்க் காதை வைத்தால்தான் பாட்டு. யாரும் கேட்பதில்லை, அது பாட்டுக்குப் பாடுகிறது.
சேலைத் தொட்டில், மூன்று. குழந்தையோடு.

கடைசியைப் பார்த்து நின்றுவிட்டேன். தார்க்குச்சியில் நூல் சுற்றும் பெண்கள் உட்காரும் ஓரம். பழைய சேலையை விட்டத்தில் முடிந்து தொங்க விட்டிருக்கிறார்கள். ஒருத்தி பெயர் பாவாயி. கை நூலைப் பார்த்துக்கொள்கிறது, கால் கட்டைவிரலில் ஒரு கயிறு, அது தொட்டிலை ஆட்டுகிறது. உள்ளே பார்த்தேன். பெண் குழந்தை. இந்தப் பேய்ச் சத்தத்தில் வாயைத் திறந்துகொண்டு தூக்கம்.

கத்தித்தான் பேச வேண்டும். “இந்தச் சத்தத்துல எப்படி அம்மிணி தூங்குது?”

“சத்தம் நின்னாத்தானுங்க முழிச்சுக்கும்.”

சொல்லி வாய் மூடவில்லை, கரண்ட் போயிற்று. தறி எல்லாம் ஒவ்வொன்றாக நின்றது. அப்படி ஒரு அமைதி. டிரான்சிஸ்டர் பாட்டு ஷெட் முழுக்க. மூன்று தொட்டிலும் ஒரே சமயத்தில் அசைந்து மூன்று குழந்தையும் வீறிட்டன. பெண்கள் சிரித்துக்கொண்டே எழுந்து போனார்கள்.

பாவாயி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைக் கேட்டாள். “புது ஷெட்டுக்கு இரும்பு வேலை நீங்கதானுங்களா? இரும்புக் கூரைன்னாத் தொட்டில் கட்ட உடுவாங்களாங்க? உடலீன்னா நான் ஊட்லயே இருந்துக்க வேண்டியதுதான்.”

“உடுவாங்க.”

“நெசமாங்களா?”

அவளுக்கு என்னைத் தெரியாது. அதனால் அப்படியே நம்பிக் கேட்டாள். எனக்கு என்னமோ போல் ஆயிற்று.

நூல் நிறுக்கும் தராசு கிடந்தது. தொட்டிலை அவிழ்த்து, குழந்தையையும் வாங்கி அதில் வைத்தேன். கணக்குப்பிள்ளை ஓடி வந்தார். “ஏனுங்க, புள்ளையையும் கிலோ போட்டு விக்கறீங்களா?”

“கம்ப்யூட்டர் கேக்குதுங்க.”

“என்னத்தை?”

“இந்தப் புள்ள எவ்வளவு கனம்னு.”

சேலை, கயிறு, குழந்தை எல்லாம் சேர்த்து ஏழரை கிலோ. தராசில் உட்கார்ந்து என் மீசையைப் பிடித்தது. அந்த இழுப்பு தனி.

பத்து கிலோ என்று எழுத கை போயிற்று. ஏழரை என்றே எழுதினேன். ஓரத்தில் ‘1’.


12-2-88, வெள்ளி

தை கடைசி வெள்ளி. கோவிலுக்குப் போகவில்லை, முதல் பஸ்ஸில் சூ.மங்கலம். செருப்பை விடும்போதே காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

கோமதி முழுசாகப் படித்தாள். குருவிக்கூடு வரை.

“இது எத்தனை மடங்குங்க மாமா?”

“ஒண்ணுதான் சாமி.”

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

கப்பி வாசல் பக்கத்து ஜாயிஸ்டில் மட்டும், அதை மட்டும் கனமான இரும்பில் தனியாக. விளக்கு. பைகள். தொட்டில் வந்ததும் விரல் நின்றது.

“தொட்டிலுக்கு லோடு எந்தப் புஸ்தகத்துலயும் இல்லீங்க.”

“ஏழரைதான். நானே நிறுத்தேன்.”

“ஆட்டும்போது இழுப்பு அதிகமாகுமுங்க. ரெண்டு மடங்காப் போட்டுக்கலாம். புள்ளையும் வளருமல்ல.” கணக்கிலும் கூட்டிச் சொல்ல வழி இருக்கிறது, காரணத்தைச் சொல்லிவிட்டால்.

இன்னொன்று சொன்னாள். முடிச்சில் தொங்கினால் ஜாயிஸ்ட் தாங்கும். முடிச்சுக்கும் முடிச்சுக்கும் நடுவில் கட்டினால் கீழ் இரும்பு வளையும். பெண்கள் எங்கே தோதோ அங்கேதான் கட்டுவார்கள்.

“கட்டட்டும். ஒவ்வொரு முடிச்சுலயும் நான் ஒரு கொக்கி வெச்சுத் தாரேன். கண்ணு முன்னால கொக்கி இருக்கறப்ப எவ போய் கம்பியில முடிவா?”

“வெப்பீங்களா?”

“வெச்சாச்சுன்னு போடு.”

போட்டாள். மிஷின் நம்பியது. இந்தத் தடவை எனக்கே கொஞ்சம் பயம்.

காகிதம் கிர் கிர் என்று வெளியே வந்தது. வரி வரியாக, இழுக்கும் இரும்பு ஒரு பக்கம், அமுங்கும் இரும்புக்கு முன்னால் ஒரு சின்னக் கழித்தல் கோடு. அவள் விரல் கீழே கீழே போயிற்று. நின்றது. இரும்பு பாதிக்குப் பக்கம் குறைந்திருந்தது.

இன்ஜினியர் வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். “லோடு மாறியிருக்கே. ஏன்?”

கோமதி என் பக்கம் திரும்பவே இல்லை. “தளத்துக்குப் போயி ஒண்ணொண்ணா எண்ணிக் கொண்டாந்தாங்க சார். மொதல்ல சொன்னது தோராயம்.”

தோராயம். என்ன அழகான சொல்.

அவர் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “சரி. அர்த்தநாரிகிட்ட நான் பேசறேன். ஒண்ணு சொல்றேன். ஏத்தி, ஷீட் போட்டு, இது எவ்வளவு தொய்யும்னு நீ சொல்றியோ அவ்வளவு தொய்யணும். தொய்ஞ்சா பேரை மையில எழுதிக்க. இல்லன்னா அடுத்ததுக்கு மிஷின் வேண்டாம்.”

படி இறங்கும்போது கோமதி பின்னால் வந்தாள். “காபி குடிக்காமப் போறீங்க.”

குடித்தேன். ஒரு ரயில் வந்து நின்று போகும் வரை.


20-3-88, ஞாயிறு

உருக்குகிற வெயில். ஒரு மாதமாக எழுதவில்லை, பட்டறையில் மூச்சுவிட நேரமில்லை. கொக்கி எல்லாம் நானே வளைத்தேன். யாருக்கும் கொடுக்கவில்லை.

ராசிபுரத்தில் ஜாயிஸ்ட் ஏற்றினோம். மூன்று கால் மரம் நட்டு, கப்பி கட்டி, ஆட்கள் “ஏலோ” போட்டு. முதல் ஜாயிஸ்ட் ஆகாயத்தில் எழும்பிக் கொஞ்சம் சுழன்று நின்றது. அடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். ஏறி இறங்கி ஏறி இறங்கி. கனவில் நான் நடந்த அதே வரி, இப்போது வர்ணம் மட்டும் சிவப்பு.

கோமதி வந்திருந்தாள், தலையில் துண்டு. நடு ஜாயிஸ்டின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு அர்த்தநாரி கொடுத்த உறுதியான நூலை விண்ணென்று இழுத்துக் கட்டச் சொன்னாள். நடுவில், நூல் இருக்கும் இடத்தில் இரும்பில் ஒரு கோடு கிழிக்கச் சொன்னாள். கூரை ஷீட் ஏறின பிறகு அந்தக் கோடு நூலைவிட்டு எவ்வளவு கீழே போகிறதோ, அதுதான் தொய்வு.

“எவ்வளவு போகும்னு மிஷின் சொல்லுச்சு?”

“சொல்ல மாட்டனுங்க.”

“என்ற கிட்டயா?”

“உங்ககிட்டதான். ஏணியில ஏறிப் பாக்கப் போறது நீங்க. சொல்லீட்டேன்னா அதையே படிப்பீங்க.”


10-4-88, ஞாயிறு

காற்று அசையவில்லை. பங்குனி வெயில். ஷீட் போட்டு முடிந்தது, விளக்கு மாட்டியாயிற்று, தறியும் பாதி வந்துவிட்டது. அர்த்தநாரி வாழைமரம் கட்டியிருந்தார். ஊரில் பாதிப் பேர் (பத்துப் பன்னிரண்டு பேர்) கூடி நின்றார்கள், நடுவில் தூண் இல்லாத இடத்தில் நடந்து நடந்து பார்த்துக்கொண்டு. ஒருவர் தூண் இருக்க வேண்டிய இடத்தில் கையை வைத்துச் சாயப் போய்த் தடுமாறினார்.

ஏணி போட்டார்கள். நான் ஏறினேன். கையில் ஸ்கேல். கீழே கோமதி, கையில் நான்காக மடித்த காகிதம். இன்ஜினியர், அர்த்தநாரி, தோளில் குழந்தையோடு பாவாயி.

மேலே ஷீட்டின் சூடு. நூல் பிசிர் கூட அசையவில்லை. நான் கிழித்த கோடு நூலுக்குக் கீழே இருந்தது. ஸ்கேலை வைத்தேன். கண்ணை அதற்கு நேராகக் கொண்டுபோனேன்.

“எவ்வளவுங்க மாமா?”

வாயில் என்னென்னவோ வந்தது. சரியாக இருக்கிறது என்று சொல்லலாம். மயிரிழை கூட இறங்கவில்லை என்று சொல்லலாம், எல்லோரும் கை தட்டுவார்கள். அவள் கையில் இருக்கும் காகிதத்தில் என்ன என்று எனக்குத் தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தேன்.

“பதினொண்ணு மில்லி.”

“மடங்கு?”

“ஒண்ணு.”

காகிதம் பிரிகிற சத்தம் மேலே வரை கேட்டது. இன்ஜினியர் அதை வாங்கிப் படித்தார். “பதினொண்ணு புள்ளி நாலு” என்றார். ஏணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திருகிக் கோமதியிடம் நீட்டினார். தார்க்குச்சிப் பெட்டியின் மேல் வரைபடத்தை விரித்து வைத்து அவள் எழுதினாள். மேலிருந்து பார்த்தபோது அவள் வகிடு மட்டும்தான் தெரிந்தது. நிதானமாக எழுதினாள்.

நான் இறங்கவில்லை. அங்கிருந்து பார்த்தால் கீழ் இரும்பு ஒரே நேராக ஓடுகிறது, கொக்கி, கொக்கி, கொக்கி. பாவாயி ஓரம் பார்த்து, ஜன்னல் காற்று வருகிற இடம் பார்த்து, மூன்றாவது கொக்கியில் சேலையை மாட்டிக்கொண்டாள். ஒரு முறை கையால் இழுத்துப் பார்த்தாள். குழந்தையைப் போட்டாள். அர்த்தநாரி முதல் தறியை ஓட விட்டார், பிறகு அடுத்தது, அடுத்தது. சத்தம் ஏற ஏறத் தொட்டிலில் கால் உதைப்பு நின்றது. நான் பிடித்திருந்த இரும்பில் கை வைத்தபடியே நின்றேன். மெல்ல ஒரு அதிர்வு, தூங்குகிற மாட்டின் வயிறு மாதிரி.

வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது சரசுவிடம் சொன்னேன். வேறெதுவும் சேர்க்கவில்லை. நாற்பது அடி, ஒரு தூண் இல்லை, ஷீட் எல்லாம் ஏறி, தொய்ந்தது பதினொரு மில்லி.

சரசு ரசம் ஊற்றினாள். “அப்ப அஞ்சரைன்னு வெச்சுக்கறேன்.”